தண்ணிக்கு ரெண்டு, சாக்குக்கு ஒன்று

போன மாதம் ஒரு படிவம் என்னைப் பிடித்து உலுக்கிவிட்டது. படிவத்துக்குப் பயப்படுகிற ஆள் இல்லை நான். பத்தொன்பது வருடம் அரசாங்கப் பள்ளிக்கூடத்தில் படிப்பித்தவளுக்குப் படிவம் நிரப்புவது பல் துலக்குகிற மாதிரி. நுவரெலியாவில் ஆசிரியர்களுக்கு ஒரு நாள் செயலமர்வு. மத்தியானச் சாப்பாட்டுக்குக் கொஞ்சம் முந்தி ஆளுக்கொரு தாள் தந்தார்கள். ‘ஆசிரியராக உங்களை நீங்களே மதிப்பிடுக. பத்துக்கு எத்தனை?’ அவ்வளவுதான் கேள்வி. பசி வேறு. யோசிக்காமல் ஒன்பது என்று எழுதினேன். எழுதிய கை அதோடு நிற்கவில்லை. ஒன்பதின் மேல் ஒரு கோடு இழுத்துவிட்டு, பக்கத்தில் ஆறு என்று போட்டது.

அடுத்த கதிரையில் இருந்த இளம் டீச்சர் எட்டிப் பார்த்து, ஏன் மூன்றைக் குறைத்தீர்கள் என்று கேட்டாள்.

“தண்ணிக்கு ரெண்டு, சாக்குக்கு ஒன்னு” என்றேன்.

சொன்ன பிறகுதான் நான் சொன்னது என் காதிலேயே விழுந்தது. ஏதோ வேடிக்கை பேசுகிறேன் என்று நினைத்து அவள் சிரித்தாள். எனக்கு உள்ளங்கை வேர்த்துவிட்டது. நுவரெலியாக் குளிரில், அதுவும் மழை நாளில், ஒருத்திக்கு உள்ளங்கை வேர்த்தது என்றால் நிலைமையை நீங்களே ஊகித்துக்கொள்ளுங்கள். மண்டப வாசலில் கால் துடைக்க ஒரு சாக்கைப் போட்டிருந்தார்கள். நனைந்து ஊறிப்போன சாக்கு. கதவு திறக்கும்போதெல்லாம் அந்த வாடை உள்ளே வந்தது. சாப்பாட்டுப் பொட்டலத்தைக் கையில் வைத்துக்கொண்டு, பிரிக்காமல் அப்படியே உட்கார்ந்திருந்தேன்.

அந்த வாடையை எனக்குப் பிறந்ததிலிருந்து தெரியும். கொழுந்து எடுக்கிற பெண்கள் இடுப்பைச் சுற்றிக் கட்டுகிற சாக்குத் துணிக்குப் படங்கு என்று பெயர். மழைத் தண்ணீர், தேயிலைச் சாறு, வேர்வை மூன்றும் சேர்ந்து அதில் ஒரு வாடை ஏறும். எத்தனை சவர்க்காரம் போட்டாலும் போகாது. றொசல்ல ரயில் பாதைக்கு மேலே இருந்த எங்கள் லயத்தில், தோட்டத்து வரிசை வீட்டில், அம்மாவின் படங்கு அடுப்புக்குப் பக்கத்தில்தான் காயும். அந்த வாடையில்தான் நான் ஓ.எல்., ஏ.எல். பரீட்சைகளுக்கெல்லாம் படித்தேன். கல்வியியல் கல்லூரியை முடித்து முதல் நியமனம் கிடைத்தபோது, இனி அந்த வாடைக்கும் நமக்கும் சம்பந்தமில்லை என்று மனதுக்குள் ஒரு நிம்மதி இருந்தது உண்மை. ஒளித்து என்ன ஆகப் போகிறது.

நியமனம் எங்கே கிடைத்தது தெரியுமா? கந்தப்பளைக்கு மேலே, பஸ் போகாத ஒரு தோட்டத்துப் பள்ளிக்கூடத்தில். தோட்டத்தின் பெயர் வேண்டாம். ஹட்டனில் வாங்கிய குதி உயர்ந்த செருப்போடு போய் இறங்கினேன். மூன்றாம் நாள் ஒரு குதி சேற்றோடு நின்றுவிட்டது. பிள்ளைகள் அதைத் தோண்டி எடுத்துக் கழுவி, மேசையில் வைத்திருந்தார்கள். குதி போனது, கர்வம் போகவில்லை. “நானும் லயத்துல பொறந்தவதான்” என்று முதல் ஒரு வருடம் நான் யாரிடமும் சொல்லவே இல்லை.

அந்த வருட விடுமுறையில்தான் ஒரு பயிற்சி வகுப்புக்குப் போகச் சொன்னார்கள். மனிதநேயக் கல்வி என்று தலைப்பு. படிப்பித்தவர் யாழ்ப்பாணத்திலிருந்து வந்த ஒரு விரிவுரையாளர் அம்மா. பருத்திச் சேலை, கையில் ஒரு சுண்ணக்கட்டி, குறிப்புத் தாள் கிடையாது. மாணவரின் சுய எண்ணக்கரு என்று அவர் பலகையில் எழுதியபோது எனக்கு ஊறாத கடலையைக் கடித்த மாதிரி இருந்தது. ஆனால் அவர் அதை உடைத்துச் சொன்ன விதம் மனதில் தங்கிவிட்டது. “பிள்ளையள் தங்களைப் பற்றி என்ன நினைக்கினம் எண்டு நீங்கள் ஒருநாளும் கேட்டிருக்க மாட்டியள். முதல்ல அதைக் கேளுங்கோ. பிறகு படிப்பியுங்கோ” என்றார். இருபத்து மூன்று வயதில் இதைக் கேட்டால் உடம்பில் ஒரு வேகம் வருமே, அந்த வேகத்தோடு மலையேறினேன்.

என் வகுப்பு தரம் பத்து. பதினெட்டுப் பிள்ளைகள். அதில் புவனா என்று ஒருத்தி. கணிதத்தில் நான் பலகையில் பிழை விட்டால், எழுந்து சொல்ல மாட்டாள். தொண்டையை மட்டும் ஒரு தடவை செருமுவாள். நான் திரும்பிப் பார்த்துத் திருத்திக்கொள்வேன். வீட்டில் அவளை ஓ.எல். எழுத விடுவார்களா என்பதே அப்போது கேள்வியாக இருந்தது. கொழும்பில் ஒரு வீட்டில் வேலைக்கு ஆள் தேடுகிறார்கள் என்று அவளுடைய அத்தை ஒருவர் தீபாவளிக்குத் தீபாவளி வந்து சொல்லிக்கொண்டே இருந்தார். நான் லயத்துக்கே போய் அவளுடைய அம்மாவிடம் பேசினேன். அப்பா இல்லாத வீடு. அந்த அம்மா, ஓ.எல். வரைக்கும் விடுகிறேன், அதற்குப் பிறகு கேட்காதீர்கள் என்றார். அந்தச் சொல்லை வாங்கிக்கொண்டு இறங்கி வந்த நாள், எனக்கு முதல் சம்பளம் வாங்கிய நாளை விடப் பெரிது.

சரி, கேள்விக்கு வருகிறேன். விரிவுரையாளர் அம்மா சொன்னபடி, ஒரு வெள்ளிக்கிழமை கடைசிப் பாடத்தில் பிள்ளைகளுக்கு ஆளுக்கொரு தாள் கொடுத்தேன். உங்களுக்கு நீங்களே பத்துக்குப் புள்ளி போடுங்கள், யாரும் பார்க்க மாட்டார்கள், நான் மட்டும்தான் பார்ப்பேன் என்றேன். தலையைக் குனிந்து எழுதினார்கள். தாள்களை வாங்கிப் புரட்டினேன். முதல் தாளில் 7, அதற்குக் கீழே ஒரு கழித்தல் அடையாளம் போட்டு 3, கோடு, மீதி 4. ஏதோ கணக்குப் போட்டுப் பார்த்திருக்கிறான் என்று அடுத்ததை எடுத்தேன். 8, கழித்தல் 3, மீதி 5. அடுத்தது 6, கழித்தல் 3. பதினெட்டில் பதினைந்து தாள் அப்படி. ஒருவரைப் பார்த்து ஒருவர் எழுதியிருக்கவும் முடியாது, நான் தள்ளித் தள்ளித்தான் உட்கார வைத்திருந்தேன். இது என்ன என்று கேட்டேன். முன்வரிசையில் இருந்த பையன், வானம் ஏன் மேலே இருக்கிறது என்று நான் கேட்டுவிட்ட மாதிரி என்னைப் பார்த்தான்.

“கழிவு டீச்சர்” என்றான். “எல்லாத்துக்கும் கழிவு உண்டுல்ல.”

தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். கொழுந்து நிறுக்கிற கொட்டகையில், மடுவத்தில், தராசு தொங்கும். அம்மாமார் சாக்கை மாட்டுவார்கள். முள் பதினாறைக் காட்டும். கணக்கப்பிள்ளை பதிமூன்று என்று எழுதுவார். இலையில் இருக்கிற தண்ணீருக்கு இரண்டு, சாக்கின் பாரத்துக்கு ஒன்று. மழை பெய்தாலும் அதே இரண்டு, வெயில் எரித்தாலும் அதே இரண்டு. எந்தத் தோட்டத்திலும் இப்படி ஏதோ ஒரு கழிவு இருக்கும், யாரும் கேட்க மாட்டார்கள். நானே சின்ன வயதில் அம்மாவோடு போய் நின்றிருக்கிறேன். முள்ளைப் பார்த்த உடனே மூன்றைக் கழித்து, கணக்கப்பிள்ளை வாயைத் திறப்பதற்கு முன்னாலேயே சொல்லிக் கைதட்டு வாங்கியிருக்கிறேன். என் கணித அறிவின் ஆரம்பமே அதுதான். அதைப் பெருமையாக வேறு நினைத்துக்கொண்டிருந்தேன்! ஆனால் ஒரு பிள்ளை தன்னைத் தராசில் மாட்டி, யாரும் கேட்பதற்கு முந்தித் தானே மூன்றைக் கழித்துவிட்டு நிற்கும் என்று எனக்கு எந்தக் கல்லூரியிலும் சொல்லித் தரவில்லை.

அடுத்த வெள்ளிக்கிழமை, கழிவுக்குக் காரணமும் எழுதச் சொன்னேன். ஏன் சொன்னேன் என்று இருந்தது. அம்மா மலைக்குப் போறதுக்கு ஒன்று. கறுப்பாக இருப்பதற்கு ஒன்று. அப்பா குடிப்பதற்கு இரண்டு. வீட்டில் கதவு இல்லாததற்கு ஒன்று. ஒரு பிள்ளை ‘காரணம் தெரியாது, ஆனா கழிக்கணும்’ என்று எழுதியிருந்தது. புவனா பத்து போட்டு, ஏழு கழித்திருந்தாள். காரணங்களை வரிசையாக, அழகான எழுத்தில், கணிதத்துக்கு வழி காட்டுகிற மாதிரி படிப்படியாக எழுதியிருந்தாள். ஏழாவது காரணம், ‘டீச்சர் மாதிரி டவுன்ல பொறக்காததுக்கு’. அதைப் படித்தபோது என் முகம் எரிந்தது. நான் மூடி மறைத்தது ஒரு பிள்ளையின் கணக்கில் கழிவாகப் போய் விழுந்திருக்கிறது, பாருங்கள்.

அன்று வகுப்பில் சொல்லிவிட்டேன். நானும் லயத்தில் பிறந்தவள், என் அம்மா இன்றைக்கும் கொழுந்து எடுக்கிறார் என்று. வகுப்பு வாயைப் பிளந்தது. பிறகு பலகையில் ஒரு சட்டம் எழுதினேன். இந்த வகுப்பில் காரணம் இல்லாமல் கழிவு கிடையாது. காரணம் நீ செய்ததாக இருக்க வேண்டும். நீ யார் வீட்டுப் பிள்ளை, என்ன நிறம், எந்த லயம் என்பதெல்லாம் காரணம் ஆகாது. பலகையின் மூலையில் கட்டம் போட்டு, அழிக்க வேண்டாம் என்றும் எழுதி வைத்தேன்.

நம்பினால் நம்புங்கள், இரண்டு மாதத்தில் அந்த வகுப்பே வேறு வகுப்பாகிவிட்டது. சண்டை பிடிக்கிற பிள்ளைகள்கூடக் காரணம் கேட்டுத்தான் சண்டை பிடித்தார்கள். வெள்ளிக்கிழமைத் தாள்களில் கழிவு சுருங்கிக்கொண்டே வந்தது. ‘வீட்டு வேலை செய்யாததுக்கு ஒன்று’, ‘தங்கச்சியை அடிச்சதுக்கு ஒன்று’ என்று நியாயமான கழிவுகள். புவனா செருமுவதை விட்டுவிட்டாள். எழுந்து நின்று, “அந்த வரி பிழை டீச்சர்” என்று சொல்ல ஆரம்பித்தாள். அது என்ன சந்தோஷம் எனக்கு! விரிவுரையாளர் அம்மாவுக்குக் கடிதம் எழுதினால் என்ன என்றுகூட நினைத்தேன். அவ்வளவு மிதப்பு.

ஒரு திங்கட்கிழமை காலையில் வகுப்புக்குள் போனால் சத்தமே இல்லை. புவனா மேசையைப் பார்த்துக்கொண்டு இருந்தாள். மற்றப் பிள்ளைகள்தான் சொன்னார்கள். சனிக்கிழமை நல்ல வெயில். பின்நேர நிறுவைக்கு அம்மாவுக்குச் சாக்குத் தூக்கிக் கொடுக்கப் போன புவனா, கணக்கப்பிள்ளை மூன்றைக் கழித்து எழுதியதும், இன்றைக்கு மழை பெய்யவில்லையே, தண்ணிக்கு எதற்குக் கழிக்கிறீர்கள், காரணம் சொல்லுங்க ஐயா என்று கேட்டிருக்கிறாள். மடுவத்தில் அத்தனை பேரும் நின்றிருக்கிறார்கள். கணக்கப்பிள்ளை புத்தகத்தை மூடிவிட்டுச் சிரித்தாராம். திங்கட்கிழமை விடிய, வேலைக்கு ஆள் கூடுகிற பெரட்டில் ஆள் பிரிக்கும்போது, புவனாவின் அம்மாவை மேல் மலைக்குப் போகச் சொல்லிவிட்டார். மேல் மலையில் கொழுந்து கிடையாது. ஒரு நாளைக்கு எடுக்க வேண்டிய முழுக் கிலோவும் எடுக்க முடியாது. எடுக்காவிட்டால் அரைப் பேர், அதாவது அரை நாள் கூலி.

‘காரணம் சொல்லுங்க’ என்பது என் வசனம். வகுப்பில் நாளைக்குப் பத்துத் தடவை நான் சொல்கிற வசனம். அது என் வகுப்புக் கதவைத் தாண்டி, பள்ளிக்கூடப் படியிறங்கி, மடுவம் வரைக்கும் போகும் என்று நான் ஒரு நாளும் நினைத்துப் பார்க்கவில்லை. நாலு சுவருக்குள் வைத்துக்கொள்ளத்தான் நான் அதைப் படிப்பித்தேனா? கதிரையில் உட்கார்ந்துவிட்டேன்.

பின்நேரம் புவனாவின் அம்மாவே வந்தார். படங்கைக்கூட அவிழ்க்கவில்லை. உள்ளே வாருங்கள் என்றாலும் வரவில்லை.

“படிப்பு சொல்லிக் குடுங்க டீச்சர், வேண்டாங்கல” என்றார். “எதுத்துப் பேசச் சொல்லிக் குடுக்காதீங்க. நாங்க அந்த மலையிலதான் காலம் தள்ளணும்.” கணக்கப்பிள்ளையின் கோபம் தணியாவிட்டால் புவனாவைக் கொழும்புக்கு அனுப்புவதைத் தவிர வேறு வழியில்லை என்று சொல்லிவிட்டு, பதிலுக்கு நிற்காமல் போய்விட்டார்.

நான் என்ன செய்திருக்கலாம் என்று இந்தப் பதினெட்டு வருடத்தில் நிறைய யோசித்துவிட்டேன். கணக்கப்பிள்ளையிடம் நானே போயிருக்கலாம். தோட்டத்தை நடத்துகிற தொரையைப் பார்த்திருக்கலாம். அந்தப் பிள்ளை கேட்டது நியாயம், அதைப் படிப்பித்தது நான் என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். எங்கள் பள்ளிக்கூடத்து அதிபர் அனுபவசாலி, சுலபமான வழியைச் சொன்னார். கணக்கப்பிள்ளையைப் பள்ளிக்கூடத்துக்கு வரச் சொல்வோம், பிள்ளை மன்னிப்புக் கேட்கட்டும், விஷயம் முடிந்துவிடும். புவனாவின் படிப்பைக் காப்பாற்றத்தான் செய்கிறேன் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டு தலையாட்டினேன். பயமும் இருந்தது. அதையும் சொல்லிவிடுகிறேன்.

செவ்வாய்க்கிழமை, இடைவேளைக்குப் பிறகு, வகுப்பு வாசலில் வைத்து நடந்தது. பதினேழு பிள்ளைகளும் உள்ளே இருந்து பார்த்துக்கொண்டிருந்தார்கள். புவனாவை மன்னிப்புக் கேட்கச் சொன்னேன். அவள் கணக்கப்பிள்ளையைப் பார்க்கவில்லை. என்னைத்தான் பார்த்தாள்.

“என்ன காரணம் சொல்லிக் கேக்கட்டும் டீச்சர்?”

திமிராகக் கேட்கவில்லை. கணிதத்தில் அடுத்த படி எது என்று கேட்கிற அதே குரல். அவளுக்கு உண்மையாகவே தெரிய வேண்டியிருந்தது. அவளுக்குப் பின்னால், திறந்திருந்த கதவு வழியாகப் பலகையின் மூலையில் என் கட்டம் தெரிந்தது.

“காரணமெல்லாம் வேணாம். கேளு” என்றேன்.

“மன்னிச்சிருங்க ஐயா” என்றாள் அவள்.

கணக்கப்பிள்ளையைக் கொடியவர் என்று சொல்ல மாட்டேன். அந்த மனிதருக்கே முகம் ஒரு மாதிரி ஆகிவிட்டது. “சரி சரி, படிக்கிற புள்ள” என்று முணுமுணுத்துவிட்டு, தான் எழுதுகிற எடையிலிருந்து ஃபெக்டரியில் இன்னும் கழிக்கிறார்கள், அதை யாரிடம் போய்க் கேட்பது என்று என்னிடம் சொல்லிக்கொண்டே இறங்கிப் போனார். புதன்கிழமையே புவனாவின் அம்மாவுக்குப் பழைய மலை கிடைத்துவிட்டது. முழுப் பேர். பெரிய ஆபத்திலிருந்து ஒரு பிள்ளையை மீட்டுவிட்ட தோரணையில் நான் அன்றைக்கு இரண்டு ரொட்டி கூடுதலாகச் சாப்பிட்டேன்.

வெள்ளிக்கிழமை வழக்கம்போலத் தாள் கொடுத்தேன். வழக்கமாக ஞாயிற்றுக்கிழமை வாசித்துவிடுவேன். அந்த வாரம் கட்டைப் பிரிக்கக் கை வரவில்லை. திங்கட்கிழமை வந்தால், புவனாவின் இடம் காலி. இடைவேளையில் அவளுடைய அம்மா வந்தார். இந்த முறை படங்கு இல்லை, சேலை உடுத்திக்கொண்டு வந்திருந்தார். ஞாயிறு காலை அத்தையோடு கொழும்புக்குப் போய்விட்டாளாம்.

“நான் இருன்னுதான் சொன்னேன் டீச்சர்” என்றார். “சத்தியமா சொன்னேன். அவதான், இனிமே அந்த வகுப்புல ஒக்கார முடியாதும்மான்னுட்டா.”

எதைக் காப்பாற்ற அவளைத் தலைகுனிய வைத்தேனோ, அதை அவளே விட்டுவிட்டுப் போயிருக்கிறாள். அதுவும் என்னால். அந்த அம்மா போன பிறகு ஆசிரியர் அறையில் உட்கார்ந்து தாள் கட்டைப் பிரித்தேன். புவனாவின் தாள் நடுவில் இருந்தது.

‘நான்: பத்து. கழிவு இல்லை.

டீச்சர்: பத்து. கழிவு: ஒன்று. காரணம்: அன்றைக்கு மழை பெய்யவில்லை என்று டீச்சருக்கும் தெரியும். மீதி: ஒன்பது.’

அவ்வளவுதான். நான் படிப்பித்த சட்டத்தின்படி, நான் செய்ததற்கு மட்டும், ஒன்றே ஒன்று. அவள் ஏழு கழித்திருந்தாலும் வாயைப் பொத்திக்கொண்டு வாங்கியிருப்பேன். அந்த ஒன்றுதான் தாங்க முடியவில்லை. அன்று பின்நேரம், அழிக்க வேண்டாம் என்று எழுதியிருந்த கட்டத்தை நானே அழித்தேன்.

புவனா இப்போது எங்கே இருக்கிறாள் என்று எனக்குத் தெரியாது. கொழும்பில் இல்லை, வெளிநாடு போய்விட்டாள் என்று ஒருவர் சொன்னார். கல்யாணமாகி கொத்மலைப் பக்கம் இருக்கிறாள் என்று இன்னொருவர். இரண்டு இடத்திலும் விசாரித்துக் களைத்துவிட்டேன். அவளுடைய அம்மா இறந்துவிட்டார். மடுவத்தை இடித்துவிட்டார்கள். தொங்குதராசு போய், இலக்கம் காட்டுகிற தராசு வந்துவிட்டது. அதிலும் கழிவு உண்டு, மெஷினே கழித்துவிடுகிறதாம், அதனால் யாரையும் பார்த்துக் காரணம் கேட்க முடியாது. பள்ளிக்கூடத்துக்கு மாடி வந்துவிட்டது, என் பலகை இருந்த சுவரே இல்லை. அந்தத் தாளை ஒரு பழைய காகிதக் கோவைக்குள் வைத்திருந்தேன். வீடு மாறி வந்து பெட்டியைத் திறந்தபோது கரையான் அரித்து மண்ணாகக் கிடந்தது. எழுத்து ஒன்றும் மிஞ்சவில்லை.

செயலமர்வு முடிகிற நேரம், படிவம் சேகரிக்க வந்தவரிடம் புதிதாக ஒரு தாள் கேட்டேன். வேறு இல்லை, இருப்பதிலேயே வெட்டி எழுதிக் கொடுங்கள் என்றார். ஆறை வெட்டிவிட்டு, மறுபடியும் ஒன்பது என்று எழுதினேன். பத்தில் குறைந்த அந்த ஒரு புள்ளிக்குக் காரணம் எழுதலாம் என்று படிவத்தைத் திருப்பிப் பார்த்தேன். அதற்கு அதில் இடம் விடவில்லை.